இரவில் நம் வேலியோரம் நடப்பது யார்?

2018 ஜூன் 21ஆம் திகதி. கிளிநொச்சி அம்பாள்குளத்தில் குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு சிறுத்தை வந்துவிட்டது என்ற செய்தி பரவியது. சனம் கூடியது. அன்றைய அமளியில் பத்துப் பேரளவில் காயமடைந்தார்கள். வனஜீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர் ஒருவரும் அவர்களில் அடங்குவார். கடைசியில் சிறுத்தையைப் பொல்லுகளால் அடித்துக் கொன்றுவிட்டார்கள். அதைக் கைத்தொலைபேசியில் படமும் பிடித்தார்கள். அந்தப் படம் நாடெங்கும் பரவ, நீதிமன்றம் தலையிட்டது, சிலர் கைதானார்கள். சிறுத்தையைக் கொல்வது இந்நாட்டில் சட்டப்படி குற்றம்.

கொடூரம் என்று எல்லோரும் எழுதினார்கள். கொடூரம்தான். ஆனால் முற்றத்தில் பிள்ளையை விளையாட விட்டிருக்கும் ஒரு தாயின் பக்கத்தில் நின்றும் இதைப் பார்க்க வேண்டும். அந்தச் சிறுத்தை நேற்றிரவு வழி தவறி வந்ததா, அல்லது மாதக் கணக்காக அந்தப் பற்றைகளில் ஒதுங்கி யாருக்கும் தொல்லை தராமல் நடமாடியதா என்று அந்தத் தாய்க்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? பகலில் திடீரென்று கண் முன்னால் தோன்றும்போதுதான் நாம் சிறுத்தையை அறிகிறோம். அப்போது சனமும் பயந்திருக்கிறது, மிருகமும் பயந்திருக்கிறது.

இப்படியான சந்திப்புகள் நேர்வதற்கு முன்பே, இரவில் நம் ஊரைக் கடந்து செல்வது எது, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமாக என்று அறிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. பல நாடுகளில் ஆய்வாளர்கள் மட்டுமல்லாமல் ஆசிரியர்களும் மாணவர்களும் இல்லத்தரசிகளும் தொண்டர்களாக அந்த வேலையில் இறங்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கமராப் பொறி.

எலி அகப்படாத பொறி

பொறி என்றதும் எலிப்பொறிதான் நினைவுக்கு வரும். இதில் எந்த உயிரும் அகப்படுவதில்லை. படம் மட்டுமே அகப்படும். உணவுப் பெட்டி அளவான ஒரு பெட்டி. உள்ளே சிறிய கமரா, சில பற்றரிகள், படங்களைச் சேமிக்கும் அட்டை, உடற்சூட்டை உணரும் ஒரு கருவி. இதை ஒரு பட்டியால் மரத்தோடு கட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். சூடான உடம்பொன்று முன்னால் அசைந்தால் கமரா தானாகவே படமெடுக்கும். இரவில் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர் ஒளியைப் பாய்ச்சி எடுப்பதால் இராப் படங்கள் கறுப்பு வெள்ளையாகவே இருக்கும். ஒவ்வொரு படத்திலும் திகதியும் நேரமும் பதிவாகும். பற்றரி வாரக் கணக்கில், சில வகைகளில் மாதக் கணக்கில், தாக்குப்பிடிக்கும்.

யோசனை பழையது. எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி வட இந்தியக் காட்டுப் பாதைகளில் குறுக்கே கம்பி கட்டி, புலியின் கால் பட்டதும் விளக்கு மின்னிப் படம் விழும்படி செய்தார். அந்தப் படங்கள் 1927இல் புத்தகமாக வந்தன. 1990களில் கர்நாடகாவின் நாகரஹொளைக் காட்டில் உல்லாஸ் காரந்த், இத்தகைய படங்களைக் கொண்டு புலிகளை எண்ணும் முறையைக் கணித ரீதியாக ஒழுங்குபடுத்தினார். புலியின் வரிகளும் சிறுத்தையின் புள்ளிக் கொத்துகளும் நம் கைரேகை போல. ஒன்றுக்கு இருப்பது மற்றதற்கு இராது. சிறுத்தைக்கு இடப்பக்கப் புள்ளிகளும் வலப்பக்கப் புள்ளிகளும்கூட வேறுவேறு. ஆகவே பாதையின் இரு புறமும் எதிரெதிராக இரண்டு கமராக்களைக் கட்டுவார்கள். 2018இல் இந்தியா முழுவதும் நடந்த புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கமரா வைத்து மூன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவான படங்கள் எடுத்தார்கள். அவற்றில் புலிப் படங்கள் 76,651 மாத்திரமே. மிச்சமெல்லாம் மான், பன்றி, மாடு, மனிதர், காற்றில் ஆடிய புல்!

வன்னி போன்ற வெப்பமான இடத்தில் இக்கருவிக்கு ஒரு பலவீனம் உண்டு. சித்திரை, வைகாசி மாத நண்பகலில் தரையும் மரமும் மிருகத்தின் உடம்பளவுக்கே சூடேறிவிடுவதால், கருவிக்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம். இரவிலும் விடியற்காலையிலும்தான் அது கூர்மையாக வேலை செய்யும். நமக்கு வேண்டியதும் அந்த நேரம்தானே. இஷாவுக்குப் பின்னும் ஸுபஹுக்கு முன்னும் நம் வேலிக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதே கேள்வி.

இலங்கையில் யார் செய்கிறார்கள்?

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டளவில் யால காட்டில் சிறுத்தை ஆய்வைத் தொடங்கிய அஞ்சலி வொட்சன், அன்ட்ரூ கிட்டில் இருவரும் பின்னர் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலும் வில்பத்துவிலும் கமராப் பொறிகளைக் கொண்டு ஆய்வு நடத்தியிருக்கிறார்கள். வன்னிக்கு மிக அருகில் நடந்த பெரிய வேலை வில்பத்துவினதுதான். யாலவில் ஆய்வாளர் அல்லாத ஆர்வலர்கள் 2013 முதல் தாங்கள் வாகனத்திலிருந்து எடுத்த படங்களை ஒப்பிட்டு, சிறுத்தைகளுக்குத் தனித்தனி அடையாளம் கொடுத்து ஒரு நாட்குறிப்பே தயாரித்தார்கள். தொண்டர்களால் என்ன முடியும் என்பதற்கு அது நல்ல உதாரணம். இலங்கைச் சிறுத்தை உலகில் வேறெங்கும் இல்லாத கிளையினம். வளர்ந்தவை ஆயிரத்துக்கும் குறைவாகவே இருக்கும் என்பது ஆய்வாளர் கணிப்பு.

காட்டுக்குப் போகாமலே உதவும் தொண்டர்களும் உண்டு. ஆபிரிக்காவின் தன்சானியாவில் உள்ள செரங்கெட்டிச் சமவெளியில் 225 கமராக்கள் எடுத்துக் குவித்த படங்களைப் பார்த்து முடிக்க ஆய்வாளர்களுக்கு ஆயுள் போதாது. 2012இல் அவற்றை இணையத்தின் வழியே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். வீட்டில் இருந்தபடியே பல்லாயிரம் பேர் 'இது வரிக்குதிரை, இது கழுதைப்புலி' என்று அடையாளம் சொன்னார்கள். ஒரே படத்தைப் பலரிடம் காட்டி, பெரும்பான்மையோர் சொன்னதை எடுத்துக்கொண்டார்கள். நிபுணர்கள் ஒத்துப் பார்த்தபோது நூற்றுக்குத் தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு சரியாக இருந்தது. அடுப்பில் சோறு கொதிக்கும் நேரத்தில் ஒரு பெண் செய்யக்கூடிய வேலை இது என்பதற்காகவே இங்கு குறிப்பிடுகிறேன்.

கரும்புத் தோட்டத்தில் கண்ட உண்மை

படம் எடுத்து என்ன பயன்? சிறுத்தை இருப்பது தெரிந்தால் பயம் கூடத்தானே செய்யும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு மகாராஷ்டிராவிலிருந்து ஒரு பதில் இருக்கிறது.

அங்கே அகோலே என்ற பள்ளத்தாக்கில் காடென்று சொல்ல ஒன்றுமில்லை. கரும்பும் மரக்கறியும் விளையும் வயல்கள், நெருக்கமான கிராமங்கள், ஒரு சதுர கிலோமீற்றருக்கு முந்நூறு பேருக்கு மேல் சனத்தொகை. வித்யா அத்ரேயாவும் அவரது குழுவினரும் அங்கே கமராக்களைக் கட்டிப் பார்த்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். நூறு சதுர கிலோமீற்றருக்கு ஐந்து வளர்ந்த சிறுத்தைகள் என்ற கணக்கில் அங்கே வாழ்ந்துகொண்டிருந்தன. கழுதைப்புலிகளும் அதே அளவில். பகலில் சனம் வேலை செய்யும் அதே வரப்பில் இரவில் சிறுத்தை நடந்தது. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் சிறுத்தை மனிதரைக் கொன்றதாகப் பதிவு இருக்கவில்லை.

இதே மாநிலத்தின் ஜுன்னர் பகுதியில் நேர்ந்தது வேறு கதை. அங்கே கண்ணில் பட்ட சிறுத்தைகளையெல்லாம் பிடித்துத் தூரக் காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். பிடித்து அப்புறப்படுத்தினால் நிம்மதி என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. 1993 முதல் 2001 வரை ஆண்டுக்குச் சராசரி நான்காக இருந்த தாக்குதல்கள், பிடிக்கும் வேலை மும்முரமான பிறகு பதினேழாக உயர்ந்தன. பழகிய இடத்திலிருந்து பிடுங்கப்பட்ட மிருகம், புதிய இடத்தில் வழி தெரியாமல் அலைகிறது. காலியான இடத்துக்கு வேறொன்று வருகிறது.

மும்பாயிலும் இந்தப் படிப்பினை கிடைத்தது. நகரத்துக்குள்ளேயே உள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை அடுத்த குடியிருப்புகளில் 2002 முதல் 2004 வரை பலர் சிறுத்தையால் உயிரிழந்தார்கள். பெரும்பாலும் ஏழைகள், அவர்களில் பிள்ளைகள் அதிகம். 2011இல் வனத்துறையும் ஆய்வாளர்களும் நகரவாசிகளான தொண்டர்களும் சேர்ந்து ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். கமராக் கட்டினார்கள், குடிசைப் பகுதிகளுக்குச் சென்று பேசினார்கள், பத்திரிகையாளர்களுக்கு வகுப்பு வைத்தார்கள். பின்னாளில் 2015இல் நடந்த கணக்கெடுப்பில் முப்பத்தைந்து சிறுத்தைகள் அடையாளம் காணப்பட்டன. சனங்களுக்குச் சொல்லப்பட்ட ஆலோசனைகள் மிகச் சாதாரணமானவை. குப்பையைக் குவிக்காதீர்கள், குப்பைக்கு நாய் வரும், நாய்க்குச் சிறுத்தை வரும். இருட்டிய பின் சிறு பிள்ளைகளைத் தனியே மலசலம் கழிக்க அனுப்பாதீர்கள். குந்தியிருக்கும் பிள்ளை சிறுத்தையின் கண்ணுக்குச் சிறிய இரைபோலத் தெரிகிறது. வீட்டோடு கழிப்பறை இருந்தால் தப்பக்கூடிய உயிர்கள் எத்தனை! இதை விளங்கிக்கொள்ளத் தாய்மாருக்கு எந்த விஞ்ஞானமும் தேவையில்லை.

திரும்பி வந்தபோது வளவெல்லாம் காடு

இனி வன்னிக்கு வருவோம். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதை இங்கு விவரிக்க வேண்டியதில்லை. முல்லைத்தீவில் நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று, ஹிஜ்ராபுரம், வவுனியாவில் சாளம்பைக்குளம் முதலிய ஊர்களின் சனங்கள் புத்தளத்திலும் பிற இடங்களிலும் இருபது வருடம் காத்திருந்தார்கள். 2009இல் யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தைத் தேடத்தான் வேண்டியிருந்தது. சுவரைப் பிளந்துகொண்டு மரம். கிணற்றைச் சுற்றிப் பற்றை. வளவுக்குள்ளே யானை இலத்தி. இந்த நிலை முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதல்ல. இடம்பெயர்ந்து மீண்ட தமிழ்க் குடும்பங்களும் இதையே கண்டார்கள்.

காடு, பாதுகாப்பு என்ற சொற்களைக் கேட்டாலே நம் வாசகிகளில் சிலருக்கு மனம் கசக்கும். மன்னார் முசலிப் பகுதியில் மறிச்சுக்கட்டி, கரடிக்குழிப் பக்கத்து நிலங்களை, சனம் மீளக் குடியேறிக்கொண்டிருந்த 2012இல், வன ஒதுக்கமாக வர்த்தமானியில் அறிவித்தார்கள். அதைத் தொடர்ந்த வழக்குகளும் பத்திரிகைச் சண்டைகளும் ஓயவில்லை. அந்த வழக்கின் நியாய அநியாயத்துக்குள் இக்கட்டுரை போகப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம்: தங்கள் ஊரின் மிருகங்களைப் பற்றித் தாங்களே சேர்த்த திகதியிட்ட பதிவொன்று கையில் இருக்கும் சனத்தைப் பார்த்து, காட்டைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்க முடியாது.

அப்படியான பதிவில் என்னென்ன இருக்கும்? சிறுத்தை அபூர்வமாகத்தான் வரும். அதிகம் வருவது ஊர் மாடும் ஆடும் நாயும். பிறகு காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, முயல், கீரி, நரி, உக்குளான் என்று வன்னியில் சொல்லும் சருகுமான், மரநாய், உடும்பு. குளத்து நீர் பின்வாங்கும் இடங்களில் மீன்பிடிப் பூனை. ஒரு வீட்டுப் பூனையை விடச் சிறிதான துருப்புள்ளிப் பூனையும் இங்கே உண்டு. உலகின் மிகச் சிறிய காட்டுப் பூனைகளில் ஒன்று அது. கோழி காணாமல் போகும் ஒவ்வொரு தடவையும் சிறுத்தை மீது பழி விழுகிறதே, உண்மையான கள்வன் யாரென்று கமரா ஒரே வாரத்தில் சொல்லிவிடும்.

கரடியைப் பற்றித் தனியே எழுத வேண்டும். பாலைப்பழக் காலத்தில் பழம் பொறுக்கச் செல்லும் மனிதருக்கும் கரடிக்கும் ஒரே மரத்தடிதான் இலக்கு. கரடிக்குக் கண் மந்தம். மூக்கைத் தரையில் வைத்து உண்பதில் மூழ்கியிருக்கும். அருகில் போனபின் திடுக்கிட்டு எழுந்து முகத்தில் அறையும். கரடித் தாக்குதல்களில் பெரும்பாலானவை இப்படி எதிர்பாராமல் நேர்பவையே. எந்தப் பாலை மரங்களுக்குக் கரடி வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது என்பதைப் பழக்காலத்துக்கு முன்னும் பின்னும் வைத்த இரண்டு கமராக்கள் காட்டிவிட்டால், பழம் பொறுக்கும் பெண்கள் தங்கள் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் கூட்டமாகப் போனால் கரடியும் யானையும் முன்கூட்டியே விலகும் என்பது காட்டோரப் பெண்களுக்குத் தெரிந்த பழைய தற்காப்பு.

கமரா பெண்ணைப் பார்த்தபோது

இதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் சகோதரிகளுக்குச் செய்யும் துரோகமாகும்.

சாம்பியன் கம்பி கட்டிப் படமெடுத்த அதே இமயமலை அடிவாரத்தில், உத்தராகண்ட் மாநிலத்தில், கோர்பெட் புலிகள் காப்பகம் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் திரிசாந்த் சிம்லாய் அங்கே பதினான்கு மாதம் தங்கி 270 ஊர்வாசிகளிடம் பேசி எழுதிய ஆய்வு 2024 நவம்பரில் வெளியானது. காட்டோரப் பெண்களுக்குக் காடு விறகும் புல்லும் தரும் இடம் மட்டுமல்ல. வீட்டின் கெடுபிடியிலிருந்து விலகி, தோழிகளோடு மனம் விட்டுப் பேசிப் பாடும் இடமும் அதுவே. புலிகளுக்காக என்று வைத்த கமராக்கள் அங்கே அந்தப் பெண்களையும் படம் பிடித்தன. 2017இல், காட்டுக்குள் மலசலம் கழிக்கச் சென்ற ஒரு பெண்ணின் படம் கமராவில் விழுந்தது. வனத்துறை வேலைக்குத் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்ட இளைஞர்கள் அதை முகநூலிலும் வாட்ஸப் குழுக்களிலும் பரப்பிவிட்டார்கள். அவள் தன் நிலையை எடுத்துச் சொல்லவும் இயலாத ஒரு பெண். ஆத்திரமடைந்த ஊரார் அப்பகுதிக் கமராக்களை உடைத்து எரித்தார்கள். ஊராரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆய்வு சொல்லும் இன்னொரு விடயம் அதைவிடக் கவலை தருவது. கமராவுக்குப் பயந்து பெண்கள் காட்டில் பாடுவதை நிறுத்தினார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். கமரா இல்லாத, பழக்கமில்லாத உட்பகுதிகளுக்கு விறகுக்குப் போனார்கள். சத்தமில்லாமல் நடப்பவர்தான் யானைக்கும் புலிக்கும் திடீரென்று எதிர்ப்படுவார். ஆய்வாளரோடு பேசிய பெண்களில் ஒருவர் பின்னர் புலி தாக்கி இறந்தும் போனார்.

கமரா வேண்டாம் என்பதற்கு இது காரணம் என்று நான் கருதவில்லை. மிருகத்தைப் பார்க்க வைத்த கமராவின் திறப்பு யாருடைய கையில் இருந்தது, அதை எங்கே கட்டுவது என்று பெண்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதே அங்கு நடந்த தவறு. யுத்த காலம் முழுவதும் யாரோ ஒருவரின் கண்காணிப்பில் வாழ்ந்து களைத்தவர்கள் வன்னிப் பெண்கள். அவர்களிடம் கேளாமல் குளக்கட்டில் ஒரு கமராவைக் கட்டினால் அது மிருகத்துக்கு என்று எவர் நம்புவார்?

வன்னியில் செய்வதானால்

இந்த வேலையை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலிருந்து தொடங்குவது நல்லது. பள்ளிவாசல் நிர்வாகமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் துணை நிற்கட்டும். குளிக்கும் துறை, விறகுப் பாதை, ஒதுங்கும் இடம் ஆகியவற்றை முதலில் பெண்களே குறித்துக் கொடுக்க வேண்டும். அங்கெல்லாம் கமரா கூடாது. மற்ற இடங்களிலும் கமரா இருப்பதை ஊருக்கு அறிவித்து, பக்கத்தில் ஒரு பலகையும் வைக்க வேண்டும்.

தனியார் வளவிலும் வேலியோரத்திலும் வைப்பது எளிது. ஒதுக்கக் காட்டுக்குள்ளும், சுண்டிக்குளம் போன்ற தேசியப் பூங்காவுக்குள்ளும் வைக்க உரிய திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் முயலக்கூடாது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகமும் அருகில்தான் இருக்கின்றன. நம் பெண் பிள்ளைகளே அங்கு படிக்கிறார்கள். படங்களை வகைப்படுத்தப் பழக்கித்தர அவர்களைக் கேட்கலாம். ஒரு கமராவின் விலை சாதாரண கைத்தொலைபேசி அளவில் இருக்கும் என்பதால் ஊருக்கு இரண்டு போதும், வீட்டுக்கு வீடு தேவையில்லை.

கட்டும்போது முழங்கால் உயரம் சரி. கிழக்கு மேற்காகப் பார்க்க வைத்தால் சூரியன் கண்ணைக் குத்தும். வடக்கு அல்லது தெற்கு நோக்கி வைக்க வேண்டும். முன்னால் உள்ள புல்லை வெட்டிவிடாவிட்டால் காற்று வீசும்போதெல்லாம் படமெடுத்து அட்டை நிரம்பிவிடும். எறும்பு உள்ளே போகாமல் பார்க்க வேண்டும். யானை பிடுங்கி எறிந்தால் நட்டத்தை ஏற்கத்தான் வேண்டும். நேரம், திகதியைச் சரியாக அமைக்க மறந்தால் எடுத்த படமெல்லாம் பாதிப் பயனே தரும். எல்லாவற்றுக்கும் மேலாக, மண்டையோட்டுச் சிவப்புப் பலகை இருக்கும் பக்கம், மிதிவெடி அகற்றி முடித்ததாக அறிவிக்கப்படாத பற்றைப் பக்கம், எந்தப் படத்துக்காகவும் கால் வைக்கக்கூடாது.

சிறுத்தையோ அழுங்கோ படத்தில் விழுந்தால் இடத்தின் பெயரோடு முகநூலில் போடக்கூடாது. வேட்டைக்காரரும் முகநூல் பார்க்கிறார்கள். மிருகம் ஊருக்குள் சிக்கிக்கொண்டால் கூட்டம் கூடாமல், பிள்ளைகளை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு, அது வெளியேற ஒரு பக்கத்தைத் திறந்து விட்டு, வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும்.

வாரம் ஒரு முறை அட்டையைக் கழற்றும் பொறுப்பு, ஊர் தெரிந்தெடுத்த இரண்டு பெண்களிடம் இருக்கட்டும். மனிதர் விழுந்த படங்களை அவர்கள் முதலில் அழித்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அழித்த படங்களின் எண்ணிக்கையை மட்டும் ஒரு கொப்பியில் எழுதிவைத்தால் போதும்.